டெல்டாவுக்கென்று ஒரு கொள்முதல் கூட்டமைப்பு வேண்டும்

கொள்முதல் என்றாலே நமக்கு நெல்தான். ஈரப்பதம் 17 சதவீதம், 40 கிலோ சிப்பம், மழையில் முளைத்த மூட்டை. பேச வேண்டியதுதான். ஆனால் பள்ளி, விடுதி, ஆஸ்பத்திரி, ஊராட்சி என்று அரசு அன்றாடம் வாங்குகிற மற்றதையெல்லாம் யார் பேசுவது?

அரசின் வாங்கும் கைக்கு எவ்வளவு பலம் என்று 2023 பொங்கலுக்கு முன் பார்த்தோமே. பரிசுத் தொகுப்பில் முழுக்கரும்பு இல்லை என்ற அறிவிப்பு வந்ததும், வெட்டுக்கு நின்ற கரும்போடு விவசாயிகள் தவித்துப் போனார்கள். போராடிய பிறகுதான் கரும்பு சேர்ந்தது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுக்க விரிவானது நம் திருக்குவளையில். மனசார வரவேற்கிறேன். ஆனால் நெல் விளையும் மண்ணில் பிள்ளைகளின் தட்டில் ரவையும் சேமியாவும் அடிக்கடி வருகின்றன. எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடச் சுவரை ஒட்டிய வயலில் கிச்சிலிச் சம்பா என்ற பாரம்பரிய நெல். அந்த அரிசி லாரி வாடகை கொடுத்துச் சென்னைக்குப் போகிறது, சுவரைத் தாண்டிச் சமையல்கூடத்துக்குப் போக வழியில்லை. பிரேசிலில் 2009 சட்டம், பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்துக்குக் குடும்ப விவசாயிகளிடம் வாங்கியாக வேண்டும் என்று விதித்தது; 2026 முதல் அந்த அளவு 45 சதவீதம்.

இங்கே என்ன தடை? யார் குறைந்த விலை போட்டாரோ அவருக்கே டெண்டர். குடிநீர்த் தொட்டிக்கு மலிவாக வந்த மோட்டார் கோடையில் கம்பிச்சுருள் எரிந்து நிற்கும். ரீவைண்டிங் செலவு, கூடுதல் கரண்ட் பில், குடத்தோடு அலையும் பெண்கள், இதெல்லாம் அந்த விலைப் பட்டியலில் ஏறுவதே இல்லை. வேறு மாதிரி வாங்கலாம் என்று ஒரு அதிகாரி நினைத்தாலும், தணிக்கையில் மாட்டுவோமே என்ற பயம். தனியாள் என்ன செய்வார்?

அதனால்தான் கூட்டமைப்பு என்கிறேன். ஐரோப்பாவில் புரோகியூரா பிளஸ் என்ற வலையமைப்பில் நகரங்களும் பிராந்தியங்களும் சேர்ந்து, சூழலைக் கெடுக்காமல் வாங்குவது எப்படி என்று அனுபவத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. பொருளின் ஆயுள் முழுக்க ஆகும் செலவைக் கணக்கில் எடுக்க அங்கே 2014 முதல் சட்டமே இடம் தருகிறது. தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை நான்கும் சேர்ந்து ஒரே மாதிரி டெண்டர் நிபந்தனை எழுதினால் பயம் பாதி குறையும். அப்புறம், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் மகளிர் குழுக்களும் நுழையும்படி டெண்டரைச் சின்னச் சின்னதாகப் பிரிக்க வேண்டும், பில் தொகையைத் தாமதிக்காமல் தர வேண்டும். இந்த இரண்டும் இல்லையென்றால் மறுபடியும் பெரிய கான்ட்ராக்டர்தான்.

முதலில் காலை உணவில் புதன்கிழமை போடும் பொங்கலுக்கு மட்டுமாவது உள்ளூர் அரிசி வாங்கிப் பார்க்கலாம். நான்கு கலெக்டர்களும் ஒரு நாள் உட்கார்ந்தால் பேச்சைத் தொடங்கிவிடலாம்.