மாட்டுக்குத் திமில் வைத்தவன் பேசுகிறேன்

நான்கு நாள் சும்மாத்தான் இருந்தேன். கோபிசெட்டிபாளையம் கண்காட்சி கிளிப்பை இதுவரை பதினோரு பேர் எனக்கே அனுப்பிவிட்டார்கள். "பார்த்தீங்களா, உங்களைத்தான் சொல்றாருங்க" என்று ஒருவர் விளக்கம் வேறு. பார்த்தேனுங்க. நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில். பழைய சண்டைகளைச் சின்னப் பொம்மைச் சிப்பாய்களாக மேசைமேல் வைத்து ஆடுபவன் நான், எனக்கு மேசை போட்டிருந்தது அங்கேதான்.

மேடையில் பேசியவர் என்னைப் பற்றிச் சொன்னது ஒரே வரி. நம் மண்ணில் வெள்ளைக்காரன் பொம்மைக்குச் சாயம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களும் இருக்கிறார்களாம். கூட்டம் சிரித்தது. அவர் பெரியவர், வெயிலில் அலைந்து கல்வெட்டுப் படியெடுத்தவர், அந்த மரியாதை என்றைக்கும் உண்டு. ஆனால் மேசைக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தால் இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது.

சண்டை என்றால் இரண்டு பக்கம் உண்டு. எதிராளியையும் யாராவது செய்துதான் ஆக வேண்டும். அவ்வளவுதான் என் வாதம், இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் நிறுத்த மனசு வரவில்லை.

என் மேசையில் இருந்தது சத்தியமங்கலம், 1790 செப்டம்பர் 13. திப்பு கெஜலட்டிக் கணவாய் வழியாகப் படையை இறக்கி, பவானியைத் தாண்டி, கிழக்கிந்தியக் கும்பெனிப் பக்கம் நின்ற கர்னல் ஃப்ளாய்டின் படையை நெருக்கிய நாள். அவருக்கு மேலதிகாரி ஜெனரல் மெடோஸ் கோயம்புத்தூர்ப் பக்கம் இருக்கிறார், உதவி உடனே வராது. மறுநாள் ஃப்ளாய்ட் சில பீரங்கிகளை விட்டுவிட்டுப் பின்வாங்குகிறார். துரத்திப்போன சண்டையில் திப்புவின் மைத்துனர் புர்ஹானுதீன் சாகிறார். அதாவது, கும்பெனிப் படை பின்வாங்கிய ஒரு சண்டையைத் தேடிப்பிடித்து மேசையில் வைத்தவனுக்குத்தான் வெள்ளைக்காரன் பக்தன் என்று பட்டம். நன்றிங்க.

இன்னொன்று. அந்தச் சிவப்புச் சட்டைகளுக்குள் இருந்ததெல்லாம் வெள்ளைக்காரன் என்று யார் சொன்னது? முப்பத்தாறாம் ரெஜிமென்ட் வெள்ளைக்காரப் படைதான். மற்றபடி காலாட்படையில் பெரும்பகுதி மதராஸ் சிப்பாய்கள், நம்மைப் போலத் தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். மேலே சிவப்புச் சட்டை, கீழே அரைக்கால் சட்டை, தலையில் பாகை. என் மேசையில் கும்பெனிப் பக்கம் இருந்த 112 பேரில் 70 பேர் அவர்கள். அந்த முகங்களுக்கு நிறம் கலக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. கடையில் வாங்கிய டப்பாவில் 'தோல் நிறம்' என்று எழுதியிருக்கும், திறந்தால் உள்ளே ரோஸ். அதில் காவியும் பழுப்பும் சொட்டுச் சொட்டாகக் கலந்து, என் புறங்கையில் பூசிப் பார்த்து, காயவிட்டு, வெயிலில் பார்த்து, திரும்பக் கலந்தேன். என் தோலின் நிறத்தைத்தான் பூசியிருக்கிறேன். அதை வெள்ளைக்காரன் பொம்மை என்கிறார்கள்.

"ஒரு தலைப்பாகைக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?" என்று முன்பொருவர் கேட்டார். 1806 ஜூலை 10 அன்று வேலூரில் சிப்பாய்கள் எழுந்ததற்குக் காரணங்களில் ஒன்றே புதிதாகக் கொடுத்த தலைப்பாகைதான். அதோடு நெற்றிக் குறியும் தாடியும் கூடாது என்ற உத்தரவு. தலையில் என்ன வைப்பது என்பது அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினையாக இருந்திருக்கிறது. எனக்கு ஒரு சாயங்காலம் போனால் போகிறது.

சரி, மாட்டுக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் இங்கே பீரங்கியை இழுத்தது மாடுகள். திப்புவிடம் அதற்கென்றே வளர்த்த அம்ரித்மகால் மாடுகள் இருந்தன. வெளிநாட்டிலிருந்து நான் வரவழைத்த மாடுகளுக்குத் திமிலே இல்லை! அந்த ஊர் மாடு, முதுகு ஸ்லேட்டுப் பலகை மாதிரி இருக்கும். எம்சீல் வாங்கி, கறுப்பையும் வெள்ளையையும் பிசைந்து, மிளகு அளவு உருட்டி, ஈரக் குண்டூசியால் அழுத்தி அழுத்தித் திமில் வைத்தேன். பதினாறு மாடு. கொம்பு ஊதுபத்திக் குச்சியைச் சீவியது. திப்புவின் ராக்கெட்டுகளுக்கு மூங்கில் வாலும் அதே குச்சிதான். தரைக்குப் பொள்ளாச்சியிலிருந்து வந்த நார்க்கழிவை டீ வடிகட்டியில் சலித்துத் தூவினேன். பிரஷ் துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட், தூரம் அளக்கத் தையல்காரரின் இஞ்சு டேப். இதைவிடக் கொங்கு நாட்டுச் சரக்கு அந்த அரங்கில் வேறு எது இருந்தது, நீங்களே சொல்லுங்கள்.

"இவ்வளவு காசை இதில் போடலாமா?" ரேக்ளா மாட்டுக்கு லட்சக்கணக்கில் கொடுப்பவரை ஊரே மாலை போட்டு வரவேற்கிறது. நான் இரண்டு அங்குல மாட்டுக்குச் செலவழித்தால் கிறுக்கன். என்னுடையது தீவனம் கேட்பதில்லை, முட்டுவதும் இல்லை.

"நாற்பத்தெட்டு வயதில் பொம்மையா?" பிரஷ்ய ராணுவம் 1820களில் தன் அதிகாரிகளுக்கு மேசைமேல்தான் போர் பழக்கியது. எச்.ஜி.வெல்ஸ் 1913இல் பொம்மைச் சிப்பாய்ச் சண்டைக்கு விதிகள் எழுதிப் புத்தகமே போட்டார், அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு. ஆனால் இவர்களைச் சொன்னால் "பார், மறுபடியும் வெள்ளைக்காரன்" என்பீர்கள். விட்டுவிடுகிறேன்.

"செத்தவர்களை வைத்து விளையாடுவது சரியா?" இது நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. அடுத்தது.

"தீரன் சின்னமலையை ஏன் செய்யவில்லை?" அதே கிளிப்பின் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். ஏனுங்க, செய்திருக்கிறேன். நாற்பது பேர், வேட்டி, தலைப்பாகை, வேல், கொஞ்சம் துப்பாக்கி. அவர் கும்பெனியோடு மோதிய ஓடாநிலைச் சண்டைக்காக இரண்டு வருடமாகப் பூசிக்கொண்டிருக்கிறேன். ஆடிப் பதினெட்டுக்கு, அவரைத் தூக்கிலிட்ட சங்ககிரிக்குப் போய்வருவதை நான் போட்டோ போடுவதில்லை, அவ்வளவுதான். ஆனால் ஓடாநிலையிலும் எதிர்ப்பக்கம் வேண்டும் சாமி! சின்னமலை காற்றோடு சண்டை போட்டார் என்றா வைக்க முடியும்? எதிரியையும் யாராவது பூசத்தான் வேண்டும். எதிரி எத்தனை பேர், எத்தனை பீரங்கியோடு நின்றான் என்று மேசையில் பார்த்தால்தான், அவனை எதிர்த்து நின்றவருக்கு எவ்வளவு துணிச்சல் என்று தெரியும். புகழ்வதற்கும் இதுதானே வழி?

எனக்கு இந்தக் கிறுக்கு எங்கே பிடித்தது என்றும் சொல்லிவிடுகிறேன். சத்தியமங்கலம் பக்கம் எங்கள் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) தோட்டத்தில், மாடு அடைக்கும் தொண்டுப்பட்டிக் கதவுக்கு அண்டக்கொடுக்க ஒரு இரும்பு உருண்டை கிடக்கும். உழும்போது கிடைத்ததாம். சின்ன வயதில் அதை உருட்டித்தான் விளையாடினோம். பிறகு ஒருநாள் மளிகைக் கடைத் தராசில் வைத்தேன், 2 கிலோ 600 கிராம். ஆறு பவுண்டு பீரங்கிக் குண்டு 2 கிலோ 720. துருப்பிடித்து உதிர்ந்தது போக என்று கணக்குப் போட்டால் பொருந்துகிறது. ஏதோ பழைய எடைக்கல்லாகவும் இருக்கலாம், சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அப்பிச்சியிடம் சொன்னேன். "அப்படியா கண்ணு" என்று கேட்டுக்கொண்டு, மறுபடியும் கதவுக்கே வைத்துவிட்டார். அவர் சிரிக்கவில்லை.

நாங்கள் ஞாயிற்றுக்கிழமை கூடும் கூட்டத்தில் நான்கு பேர் இருந்தோம். கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்த அண்ணன்தான் பீரங்கிக் குழாய்களைப் பித்தளையில் கடைந்து கொடுத்தவர், தீக்குச்சி நீளத்தில் துளையோடு. அவர் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. வாத்தியார் மகனோடு பெங்களூர் போய்விட்டார். மிச்சம் நானும் என் தங்கை வீட்டு மாப்பிள்ளையும். ஆறு வருடம் எதிரே உட்கார்ந்து திப்புவாக ஆடி, மூன்றுக்கு இரண்டு தடவை என்னை அடித்தவர் அவர். ராக்கெட்டுகளுக்குச் சிவப்பு நூல் கட்டியது அவர் கைதான்.

கிளிப்பைப் பதினோரு பேர் அனுப்பினார்கள் என்றேனே. பதினான்காவது நொடியில் கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்புகிறது. இரண்டாவது வரிசை, நீலச் சட்டை. சும்மா புன்னகை இல்லைங்க, தொடையைத் தட்டிக்கொண்டு சிரிக்கிறார்.

சாயங்காலம் மேசையை நான் தனியாகத்தான் மடித்தேன். கை கழுவ வந்தவர்கள் இடித்ததில் இரண்டு மாட்டுக்குக் கொம்பு போய்விட்டது. ஒரு பையன் மட்டும், ஏழெட்டு வயது இருக்கும், கொம்புத் துண்டைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

தை மாதம் தங்கை வீட்டில் புதுமனை புகுவிழா. பிறந்த வீட்டுச் சீர் நான்தான் எடுத்துப் போக வேண்டும். போவேன், ஒரு குறையும் வைக்க மாட்டேன். ஆனால் திப்புவின் பெட்டி இனி என் வீட்டில்தான் இருக்கும். வேண்டுமென்றால் மாப்பிள்ளை வந்து கேட்கட்டும்.