சேற்றில் ஓடுவதென்றால் ஜோடியாக ஓடுங்கள்

நெடுந்தூர ஓட்டம் தனி ஆள் விளையாட்டு என்று ஓடுகிறவர்களே நம்புகிறார்கள். தார்ச்சாலை மாரத்தானுக்கு அது பொருந்தலாம். வட இங்கிலாந்தில் மூர் எனப்படும் மேட்டு நிலத்தில், மார்ச் மாதச் சேற்றில், ஐம்பது கிலோமீட்டர் ஓடுவதற்குப் பொருந்தாது. அங்கே இருவர் சேர்ந்து ஓடுவதுதான் சரியான முறை என்பது என் உறுதியான கருத்து.

நானும் என் தோழியும் ஓடியது ஹாவொர்த் ஹாபிள். மேற்கு யார்க்‌ஷயரில், நாவலாசிரியர்களான பிராண்ட்டி சகோதரிகள் வாழ்ந்த ஹாவொர்த் கிராமத்தில் தொடங்கி அங்கேயே வந்து முடிகிற ஓட்டம். தூரம் சுமார் 32 மைல். தனியாகவும் பெயர் கொடுக்கலாம், ஜோடியாகவும் கொடுக்கலாம். ஜோடி என்றால் இருவரும் ஒன்றாக ஓடி ஒன்றாக முடிக்க வேண்டும். யார் மெதுவோ அவருடைய வேகம்தான் இருவருக்கும்.

சேற்றைப் பற்றிச் சொல்லாமல் இது புரியாது. மூர் என்பது மரமில்லாத மேட்டு நிலம். புல்லும் ஹெதர் புதரும்தான் கண்ணுக்கெட்டிய வரை. அடியில் இருப்பது பீட் என்கிற கறுப்பு மண். எப்போதும் தண்ணீர் ஊறிக் கிடப்பதால் செத்த செடிகள் முழுசாக மக்குவதில்லை. அப்படியே அடுக்கடுக்காகப் படிந்து, வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வளர்கிறது. ஒரு மீட்டர் ஆழத்தில் கால் புதைந்தால் ஆயிரம் வருடத்துக்குள் கால் வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். மேலே பச்சையாக, தட்டையாக, ஓடத் தோதாகத் தெரிகிற இடம்தான் பெரும்பாலும் மோசமானது. அது ஸ்ஃபாக்னம் பாசி. தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மிதித்தால் முழங்கால் வரை போகும், இழுத்தால் ஷூவைத் தர மறுக்கும்.

இந்தப் பாசியைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மான்செஸ்டர், பிராட்ஃபோர்டு பக்கத்து ஆலைகளின் புகை இந்த மேட்டில்தான் வந்து படிந்தது. பாசி செத்து, பல இடங்களில் வெறும் பீட் மழையில் கரைந்து ஓடியது. இப்போது பாடுபட்டுத் திரும்ப நட்டு வளர்க்கிறார்கள். அதனால்தான் ஓடுகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: பாதையில் சேறு இருந்தால் சுற்றிப் போகாதீர்கள், நடுவிலேயே இறங்கிப் போங்கள். ஒவ்வொருவரும் ஓரமாக ஒதுங்கினால் ஒற்றையடிப் பாதை மாட்டுவண்டிப் பாதை ஆகிவிடும், இருக்கிற பாசியும் போய்விடும். சில இடங்களில் இடிந்த ஆலைகளின் தரைக்கற்களைக் கொண்டுவந்து பாவியிருக்கிறார்கள். கல் கிடைத்தால் கல்லில் ஓடுங்கள், ஆனால் ஈரத்தில் வழுக்கும்.

சரி, ஜோடி விஷயத்துக்கு வருகிறேன். மூரில் ஆபத்து தூரம் அல்ல, குளிர். ஓடுகிற வரை உடம்பு சூடாக இருக்கும். சேற்றில் வேகம் குறைந்ததும், வியர்வையில் நனைந்த துணியில் காற்று அடித்ததும், சில நிமிடங்களில் நடுக்கம் வந்துவிடும். குளிர் முதலில் விரல்களைப் பிடிக்கும், அப்புறம் புத்தியை. தனக்குக் குளிர் ஏறுகிறது என்பதையே தான் உணராமல் போவதுதான் இதில் பயங்கரம். பேச்சு குழறுவதையும் கால் தடுமாறுவதையும் கவனிக்கப் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். மழைக்கோட்டு, வரைபடம், திசைகாட்டி, விசில் எல்லாம் பையில் இருந்து என்ன பயன், பை ஜிப்பைத் திறக்க விரல் மடங்காவிட்டால்? என் ஜிப்பைத் திறந்து, கடலை மிட்டாய் உறையைப் பல்லால் கிழித்து என் வாயில் வைத்தது அவள்தான்.

ஸ்டூட்லி பைக் ஏற்றத்தில் அவளுக்குச் சக்தி போய்விட்டது. மேட்டின் உச்சியில் 1856இல் கட்டி முடித்த, 37 மீட்டர் உயரமுள்ள கல் ஸ்தூபி அது. வெகு தூரத்திலேயே தெரியும், எவ்வளவு ஏறினாலும் பக்கத்தில் வராது. "நீங்க போங்கக்கா, நான் மெதுவா வரேன்" என்றாள். "போறதுக்கா பேர் குடுத்தோம்? நட, நடந்தே போவோம்" என்றேன். நடந்தோம். ஹெப்டன் பிரிட்ஜ் பள்ளத்தாக்கில் இறங்கி ஹெப்டன்ஸ்டால் மேட்டில் ஏறும்போது என் தொடை பிடித்துக்கொண்டது. அப்போது அவள் தேறியிருந்தாள். நெடுந்தூரத்தில் பெரும்பாலும் இப்படித்தான். இருவருக்கும் ஒரே நேரத்தில் சோர்வு வருவது குறைவு. தனியாக வந்திருந்தால் நாங்கள் இருவருமே அடுத்த சாலையில் விலகியிருப்போம்.

"ஜோடியாக ஓடினால் நான் ஓடி முடிக்கும் நேரம் கூடிவிடும்" என்று சொல்பவர்களிடம் எனக்கு உடன்பாடு இல்லை. மூரில் எந்த நேரம்? காய்ந்த வருடமும் மழை வருடமும் ஒன்றா? போன வருட நேரத்தோடு ஒப்பிட அங்கே ஒன்றுமில்லை. இந்த மலை ஓட்டங்களை உருவாக்கியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. இப்போது ஓஎம்எம் என்று அழைக்கப்படும் மலை மாரத்தான் 1968இல் தொடங்கியது. கூடாரமும் சாப்பாடும் முதுகில் சுமந்து, அக்டோபர் கடைசியில் இரண்டு நாள், இருவர் இருவராக ஓடுவதுதான் அதன் அடையாளம். பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில் குளிர்கால இரவில் நடக்கும் ஹை பீக் மாரத்தானில் நால்வர் சேர்ந்த அணி. இந்த முறை இன்னும் நிறைய ஓட்டங்களில் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஜோடி தேடுகிறவர்கள் வேகத்தை மட்டும் பார்க்காதீர்கள். மழையில் ஒரு நீண்ட பயிற்சி ஓட்டம் சேர்ந்து போய்ப் பாருங்கள். பசிக்கிறது, குளிர்கிறது, முடியவில்லை என்பதை அந்த நிமிடமே வாய்விட்டுச் சொல்கிற ஆளா என்று கவனியுங்கள். நீங்களும் அப்படிச் சொல்லிப் பழகுங்கள். அப்புறம் இருவரும் சேர்ந்து பெயர் கொடுங்கள்.