டயர் தேதியைப் பாத்துட்டுப் பேசுங்கப்பா

திண்டுக்கல் பக்கம் சிறுமலை மலைப்பாதையில பழைய 2012 மாருதி ஸ்விஃப்ட்டையும் புது ஸ்விஃப்ட்டையும் ஓட்டி, "எது ஸ்போர்ட்டி?"ன்னு ஒரு தம்பி போட்ட வீடியோவை இந்நேரம் எல்லாரும் பாத்திருப்பீங்க. "பழைய ஸ்விஃப்ட் வளைவுல அலையுது, புதுசு ரோட்டோட ஒட்டிக்கிட்டுப் போகுது, அவ்வளவுதான்"னு தீர்ப்பு வேற. 18 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குன தம்பிக்கு, ஒரு தடவை குனிஞ்சு டயரைப் பாக்க மட்டும் நேரமில்லை.

வீடியோவை நிறுத்திப் பாருங்க. அந்த 2012 வண்டியோட முன் டயர்ல கடைசி நாலு எண் 3517. அதாவது 2017-ல 35-வது வாரம் செஞ்சது. பட்டன் தேயாம இருக்கு, சரி. ரப்பர் இறுகிக் கட்டையாகியிருக்குமே? அந்தப் பக்கம் புது வண்டியில ஷோரூம்ல இருந்து நேரா வந்த புது டயர். இது தலைமுறை ஒப்பீடா, டயர் ஒப்பீடா? இத்தனைக்கும் 2011-ல வந்த ஸ்விஃப்ட் இசட்எக்ஸ்ஐ வேரியன்ட்டுக்கும் 2024 இசட்எக்ஸ்ஐ-க்கும் ஒரே சைஸ்தான்: 185/65 ஆர்15. ரெண்டுலயும் ஒரே புது டயரை மாட்டி, கதவுத் தூண் ஸ்டிக்கர்ல போட்ட அளவுக்கு டயர் சூடாகுறதுக்கு முன்னாடியே காத்து வச்சு ஓட்டியிருந்தா நானும் உக்காந்து பாத்திருப்பேன்.

டயரோட முடியல. முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற லோயர் ஆர்ம்ல இருக்கிற ரப்பர் புஷ் வெடிச்சிருந்தா, பிரேக் மிதிச்சதும் சக்கரம் பின்னால நகரும், டோ, அதாவது சக்கரம் உள்ளயோ வெளியயோ திரும்பியிருக்கிற கோணம், மாறும், வண்டி இழுக்கும். முன் ஷாக் அப்சார்பர் மேல் முனையில இருக்கிற ஸ்ட்ரட் மவுன்ட் பேரிங் இறுகியிருந்தா, திருப்பின ஸ்டீயரிங் தானா நேராகாது. ஷாக் அப்சார்பர்ல எண்ணெய் கசிஞ்சா, பள்ளத்துல இறங்குன பிறகும் ஆட்டம் நிக்காது. அவர் "அலையுது"ன்னு சொன்னது பூரா இந்தக் கணக்குதான். பாகம் தேஞ்சதுக்கு மாடலைத் திட்டுறீங்க.

மதுரை கப்பலூர் பக்கம் லேத் வச்சிருக்கிற ஒரு அண்ணன் வண்டி இப்படித்தான், எண்பதுல போனா பின்னால யாரோ தள்ளிவிடுற மாதிரி இருக்கும். அலைன்மென்ட் மேல அலைன்மென்ட் பாத்தாங்க, சக்கரத்தைத் திருப்புற ஸ்டீயரிங் ராக்கையே மாத்தச் சொன்னாங்க. கடைசியில பாத்தா பின் ஆக்சில் புஷ். பின் அச்சு கொஞ்சம் கொஞ்சமா திரும்பிக்கிட்டே இருந்திருக்கு. முன் சக்கரத்தை எத்தனை தடவை அலைன்மென்ட் பாத்தாலும் அது தீருமா? புஷ் மாத்தினதும் வண்டி அம்சமா நிக்குது.

ஐட்லிங்ல உதறுதாம், பழைய இன்ஜினாம். இன்ஜினைத் தாங்குற ரப்பர் மவுன்ட்டைப் பாருங்க ஐயா! பழைய ஸ்விஃப்ட்டோட கே12எம் இன்ஜின் நாலு சிலிண்டர், 87 குதிரைத்திறன். புது இசட்12இ மூணு சிலிண்டர், 82. நல்ல மவுன்ட் இருந்தா மூணு சிலிண்டர்தான் அதிகம் உதறும்னு சின்னப் பிள்ளை சொல்லும்.

"அப்போ பாதுகாப்பு?"ன்னு வருவீங்க, தெரியும். ஒத்துக்கிறேன். புதுசுல எல்லா வேரியன்ட்லயும் ஆறு ஏர்பேக், வண்டி சறுக்காமப் பிடிக்கிற இஎஸ்பி. பழைய அடிப்படை வேரியன்ட் எல்எக்ஸ்ஐ-ல ஏர்பேக்கும் இல்ல, பிரேக் மிதிச்சா சக்கரம் பூட்டிக்காம பாக்குற ஏபிஎஸ்ஸும் இல்ல. 2014-ல வண்டியை மோதவிட்டுச் சோதிக்கிற குளோபல் என்கேப் அதுக்குக் கொடுத்தது பூஜ்யம் ஸ்டார். குடும்பத்தோட போறவங்க புதுசே வாங்குங்க, நான் தடுக்கல. மைலேஜும் புதுசுதான், லிட்டருக்கு 24.8-னு கம்பெனி சொல்லுது. ஆனா வீடியோ தலைப்பு என்ன? "எது ஸ்போர்ட்டி?" அதைக் கேட்டுட்டு மைலேஜ் காட்டி ஜெயிக்காதீங்க.

கமென்ட்ல ஒருத்தர் "ஜப்பான்காரன் ஒவ்வொரு தலைமுறையும் வேகத்தைக் கூட்டுறான்"னு போட்டிருக்கார். அவங்க ஊர்ல கூட்டுறாங்க, வாஸ்தவம். ஹோண்டாவோட 1997 சிவிக் டைப் ஆர்ல டர்போ இல்லாத 1.6 இன்ஜின், 185 குதிரை. 2022-ல வந்தது 2.0 டர்போ, ஜப்பான்ல 330. ஸ்விஃப்ட்டோட வேகமான வகையான ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டே 2005-ல 125, 2011-ல 136, 2017-ல 1.4 டர்போவோட 140, எடை வெறும் 970 கிலோ. நமக்கு? 87-ல இருந்து 82. ஒரு தலைமுறை ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டைக் கூட இங்க விக்கல. கொஞ்சம் ஆசை காட்டின மாருதியோட டர்போ வண்டி பலேனோ ஆர்எஸ்ஸையும் 2020-ல நிறுத்திட்டாங்க. அதைக் கேக்க ஒரு வீடியோ இல்ல, பன்னெண்டு வருஷமா உழைக்கிற வண்டியைக் கிண்டல் பண்ண மட்டும் ட்ரோன் எல்லாம் பறக்குது.