ரசத்துக்கு ஒரு கை சோறு

ஞாயித்துக்கிழமை கோபிசெட்டிபாளையம் மண்டபத்துல, அரிசிக்கு எதிரா மேடையில பேசின ஒருத்தரு சாப்பாட்டுப் பந்திக்கு மைக்கோட வந்து பண்ணினதைப் பத்தி எழுத வேண்டாம்னுதான் இருந்தேன். ஆனா மூணு நாளா இன்பாக்ஸ்ல வந்து "ஏனுங்ண்ணா, அந்த வீடியோவுல இருக்கறது உங்க அம்மாவா"ன்னு கேட்டுட்டே இருக்கீங்க. ஆமாங்க, எங்க அம்மாதான். பச்சைச் சேலை கட்டிட்டு இலையைப் பாத்துக் குனிஞ்சிருக்கறது. பக்கத்துல நீலச் சட்டையில, வாயில மென்னதை முழுங்கவும் தெரியாம துப்பவும் தெரியாம முழிச்சிட்டிருக்கற பெரிய மனுசன் நான்.

பாக்காதவங்க தேடிப் பாத்துக்கோங்க, நான் லிங்க் போடறதா இல்ல. பேச்சாளர் பேரையும் போட மாட்டேன். அவருக்கு இன்னும் ஆயிரம் ஃபாலோயர் சேர்த்துக் குடுக்கற வேலை எனக்கு எதுக்கு?

சொல்ல வந்தது ஒண்ணே ஒண்ணு. அரிசியைப் பத்தி எவ்வளவு வேணா பேசுங்க, மேடை போட்டுப் பேசுங்க, புத்தகம் போடுங்க. இலை முன்னாடி உக்காந்து சோத்துல கை வெச்சிருக்கற மனுசிகிட்டப் போயி அது விஷம்னு சொல்லாதீங்க. அதுவும் மைக்குல. அதுவும் எழுபத்தி நாலு வயசுப் பொம்பளைகிட்ட, "பாட்டிம்மா, ரெண்டாவது ரவுண்டா? வெள்ளை விஷம், ஞாபகம் இருக்கட்டும்!"னு. பந்தியே சிரிச்சுது. அம்மா கேட்டது ரசத்துக்கு ஒரு கை சோறு.

காலையில அவரு மேடையில பேசினதையும் முழுசா உக்காந்து கேட்டவன் நான். அதனால கொஞ்சம் பேசறேன். நான் டாக்டர் இல்ல, திருப்பூர்ல பனியன் கம்பெனியில கணக்கு எழுதறவன். ஆனா கணக்குத் தப்பா இருந்தா கண்ணு உறுத்தும், தொழில் அப்படி.

"அரிசியில சக்கையைத் தவிர ஒண்ணும் கிடையாது"ன்னாரு. நூறு கிராம் அரிசியில ஏழெட்டு கிராம் புரதம் இருக்குதுங்க. அதுல லைசின்னு ஒரு அமினோ அமிலம் கம்மி, வாஸ்தவம். அந்த லைசின் பருப்புல தாராளமா இருக்குது. பருப்புல கம்மியா இருக்கற மெத்தியோனின்ங்கற இன்னொரு அமினோ அமிலம் அரிசியில இருக்குது. இது எதுவும் தெரியாமத்தான் நம்ம ஊட்டுப் பொம்பளைங்க சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம் தாளிச்சு, துவரம்பருப்பையும் அரிசியையும் ஒரே போசியில போட்டு அரிசியும் பருப்பும்னு ஒண்ணு ஆக்கிப் போட்டுட்டிருக்காங்க. கொங்கு நாட்டுல எந்த ஊட்டுக்குப் போனாலும் ராத்திரிக்கு இதுதான். அவரு ஊட்டுலயும் இதுவாத்தான் இருக்கும்.

அடுத்து, "காவிரி தந்த நம்ம பாரம்பரியப் பொன்னியைக் கெடுத்துட்டாங்க"ன்னாரு. கை தட்டினாங்க. பொன்னிங்கறது காவிரியோட பேருதான், ஆனா அந்த நெல்லு வந்தது மலேசியாவுல இருந்துங்க. அங்க அதுக்குப் பேரு மசூரி. தைவான் நெல்லையும் மலேசியா நெல்லையும் ஒட்டுச் சேர்த்து உண்டாக்கினது. நம்ம கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் அதுல இருந்து பொறுக்கி 1986ல வெளியிட்டதுதான் வெள்ளைப் பொன்னி. பாரம்பரியம்னு கை தட்டணும்னா கோயமுத்தூருக்கே தட்டியிருக்கலாம். 1912ல ஆரம்பிச்ச நெல் ஆராய்ச்சி நிலையம் அங்க இருக்குது. அங்க 1921ல வந்த ஜி.இ.பி. 24ங்கற நெல்லைத்தான் கிச்சிலிச் சம்பான்னு ஊரே தேடித் தேடி வாங்கித் தின்னுச்சு. ஒரு அரசாங்க நிலையம் பொறுக்கிக் குடுத்த ரகம், நூறு வருசம் ஆனதும் பாரம்பரியம் ஆயிருச்சு. பரவால்ல, ஆகட்டும்.

அப்பறம் "வெள்ளைக்காரன் பழக்கினது அரிசி"ன்னு ஒரு போடு. நம்ம ஈரோட்டுப் பக்கம் பாயற காளிங்கராயன் வாய்க்கா 13ஆம் நூற்றாண்டுல வெட்டினதுங்க. எதுக்கு வெட்டினாங்களாம், நீச்சல் அடிக்கவா?

சரி, எல்லாமே தப்புன்னு சொல்ல வரல. நல்லாத் தீட்டின வெள்ளை அரிசியில தவிடு போயிரும், தவிட்டோட பி வைட்டமின், நார்ச்சத்து எல்லாம் போயிரும். தயமின்ங்கற பி1 வைட்டமின் இல்லாம பெரிபெரிங்கற நோய் வந்து ஜனங்க செத்தது உண்மை. அதைக் கண்டுபிடிக்க வழி காட்டினதுக்கு 1929ல ஐக்மன்ங்கற டச்சு டாக்டருக்கு நோபல் பரிசே குடுத்தாங்க. ஆனா நம்ம பக்கம் திங்கறது புழுங்கல். நெல்லை ஊறப்போட்டு அவிக்கும்போது தவிட்டுல இருக்கற அந்தச் சத்துல ஒரு பங்கு அரிசிக்குள்ள இறங்கிரும். புழுங்கல் திங்கற ஊர்ல பெரிபெரி ஏன் தலைகாட்டலைன்னா காரணம் அதுதான். மேடையில இதைப் பத்தி ஒரு வார்த்தை உண்டா? பச்சரிசியும் ஒண்ணு புழுங்கலும் ஒண்ணு அவருக்கு.

இன்னொண்ணும் சொல்லணும். நமக்கு மேல, குன்னூர் மலையில, மெக்கரிசன்னு ஒரு வெள்ளைக்கார டாக்டர் நூறு வருசம் முன்னாடி எலிகளுக்கு இந்தியாவுல இருக்கற பல பகுதிச் சாப்பாட்டையும் போட்டுப் பாத்தாரு. கோதுமை ரொட்டி, பாலு, வெண்ணெய், காய்கறின்னு சீக்கியர் சாப்பாடு தின்ன எலி கொழுகொழுன்னு வளந்துது, மதராஸ் சாப்பாடு தின்னது தேறல. நம்ம பேச்சாளரு இதையும் சொன்னாரு, பாதியை. அந்தச் சீக்கியர் தட்டுல பாலும் வெண்ணெயும் காயும் இருந்துச்சுங்கறதை விட்டுட்டாரு. அப்ப குத்தம் சோத்து மேலயா, சோத்துக்கு வெஞ்சனம் இல்லாததுலயா? வெறுஞ்சோத்தைத் தின்னது கொழுப்பெடுத்துப் போயி இல்லைங்க. வெஞ்சனத்துக்கு வக்கில்லாம.

இங்கதான் எங்க அம்மா கதைக்கு வரணும். நீளமாப் போகுது, பொறுமை இல்லாதவங்க தாண்டிப் போயிருங்க.

அம்மா பொறந்தது காங்கேயத்துக்குத் தெக்க, வானம் பாத்த மேட்டுக்காடு. இப்ப காங்கேயம்னா எங்க பாத்தாலும் அரிசி ஆலை. நெல்லு வெளையாத ஊர்ல அத்தனை ஆலை, அது ஒரு விசித்திரம். ஆனா அம்மா சின்னப்புள்ளையா இருந்தப்ப அங்க கம்பும் சோளமும்தான். வெள்ளெனவே உரல்ல கம்பு குத்தற சத்தத்துலதான் முழிப்பே வருமாம். காலையில மோர் ஊத்தின கம்மங்கூழு, மத்தியானம் சோளச்சோறு, பொழுதோட களி. நெல்லுச்சோறு தீவாளிக்கு, பொங்கலுக்கு, மாரியம்மன் நோம்பிக்கு. ஒறம்பரை வந்தா அவங்களுக்கு மட்டும் ஒரு சின்னப் போசியில நெல்லுச்சோறு ஆக்குவாங்க. புள்ளைங்க கதவுக்குப் பின்னாடி நின்னு, ஒறம்பரை போதும்னு கையைக் காட்டுமா காட்டாதான்னு பாத்துட்டே இருக்குமாம். காச்சல் வந்தா அரிசிக்கஞ்சி கிடைக்கும், அதனால காச்சல் வரட்டும்னு சாமிகிட்ட வேண்டிக்கிட்டதா அம்மா சிரிச்சுட்டே சொல்லும்.

அம்மாவுக்கு மாப்பிள்ளை பாக்கறப்ப எங்க அப்புச்சி கேட்ட மொதக் கேள்வி, பையன் என்ன படிச்சிருக்கான்னு இல்ல. "வாய்க்காத் தண்ணி பாயுதா?" தடப்பள்ளி வாய்க்காப் பாசனம்னு சொன்னதும் தட்டு மாத்திட்டாரு. சாகறவரைக்கும் சொல்லிட்டே இருந்தாரு, "எம்புள்ள தெனமும் நெல்லுச்சோறு திங்கட்டும்னுதான் அவ்வளவு தூரம் கட்டிக் குடுத்தேன்"னு.

சும்மா உக்காந்து தின்னுச்சுன்னு நினைச்சுறாதீங்க. ஐ.ஆர். 20ங்கற நெல்லு நட்ட கை அது. சேத்துப்புண்ணுல கால் விரலுக்கு இடையில மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவிட்டு அடுத்த நாள் மறுபடியும் வயல்ல இறங்கும். அந்தக் கையைப் பாத்துத்தான் "விஷம்"னாரு.

"உனக்கே சர்க்கரை இருக்கே, நீ அரிசிக்கு வக்காலத்தா?"ன்னு ஒருத்தர் கேப்பீங்க. இருக்குதுங்க. நாலு வருசமா. ரத்தச் சர்க்கரையோட மூணு மாசச் சராசரி (HbA1c) எட்டைத் தாண்டி நின்னப்ப டாக்டர் சோத்தைக் குறைன்னாரு, குறைச்சேன். மூணு கரண்டி ஒண்ணாச்சு, காய் மூணாச்சு, இப்ப ஏழுக்குப் பக்கத்துல வந்திருக்குது. நாட்டுல பத்துக்கோடிப் பேருக்குச் சர்க்கரைன்னு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 2023லயே சொல்லிருச்சு, நான் மறுக்கல. ஆனா எனக்கு அந்த டாக்டர் கதவைச் சாத்திட்டு, என் ரிப்போர்ட்டைப் பாத்துச் சொன்னாரு. எட்டு மணி நேரம் நாற்காலியில உக்காந்து கணக்கு எழுதற எனக்குத்தான் சர்க்கரை. எங்க அம்மாவுக்குச் சர்க்கரையே இல்லைங்க! மைக்கைப் பிடிச்ச ஆளு அதைக் கேட்டாரா?

"ராகி, கம்பு நல்லதில்லையா?" நல்லதுதான். ராகியில சுண்ணாம்புச்சத்து நூறு கிராமுக்கு 350 மில்லிகிராம் பக்கம், அரிசியில பத்துகூடத் தேறாது. அதை எங்க அம்மாவுக்கு நீங்க சொல்லித் தரணுமா? பதினெட்டு வயசு வரைக்கும் அதையேதான் தின்னுச்சு. நீங்க போன வருசம் கண்டுபிடிச்சீங்க.

"பாரம்பரிய அரிசி வாங்கலாமே?" வாசல்லயே ஸ்டால் இருந்துது. கருப்புக் கவுனி கிலோ 220 ரூபாய். நல்ல அரிசிதான், அந்தக் கருநீலத்துல ஆந்தோசயனின்ங்கற நிறமி இருக்குது, நானும் அரைக்கிலோ வாங்கினேன். ஆனா அதுவும் மாவுச்சத்துதாங்க, தட்டு நிறையத் தின்னா சர்க்கரை ஏறத்தான் செய்யும். ரேஷன்ல இருபது கிலோ இலவச அரிசி வாங்கற குடும்பத்துகிட்டப் போயி 220 ரூபாய்னு சொல்லிப் பாருங்க. அந்த ரேஷன் அரிசியையும் அவரு விடல. ஒரு தம்ளர் தண்ணியில போட்டு, மெதக்குது பாருங்க, பிளாஸ்டிக்னாரு. அரிசி மாவுல இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துப் பிசைஞ்சு அரிசி மாதிரியே அச்சுல எடுத்து, நூத்துக்கு ஒண்ணுன்னு கலந்த மணி அது. பிளாஸ்டிக்காம்.

"எல்லாருக்கும் நல்லதுக்குத்தானே சொன்னாரு?" இந்த வார்த்தையைச் சொன்னது என் சொந்த மச்சான். மாப்ள, நீ படிப்பேன்னு தெரிஞ்சேதான் எழுதறேன். எல்லாருக்கும்னா, அதே பந்தியில நாலு இலை தள்ளி ஒரு பெரிய மனுசர் நெய் ஊத்தி மூணு ஒப்புட்டு, அதாங்க போளி, முடிச்சாரே, அங்க ஏன் மைக் போகல? நாட்டுச்சக்கரை போட்ட ஒப்புட்டாம், கணக்குல வராதாம். காரு வெச்சிருக்கறவங்க இலைக்கு முன்னாடி எந்த மைக்கும் நிக்காது. நூல்சேலை கட்டின கிழவி இலையில ஒரு கை சோறு கூடுதலாப் போனா மட்டும் நாட்டோட ஆரோக்கியம் கெட்டுப் போயிரும்.

நானும் யோக்கியன் இல்லைங்க. எந்திரிச்சு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும், கேக்கல. பந்தியில சத்தம் போடறது மரியாதை இல்லைன்னு நினைச்சேன். இப்ப ராத்திரி ஒரு மணிக்கு இங்க இவ்வளவு நீளத்துக்கு எழுதிட்டு இருக்கேன். வீரம்!

வீடியோவுல பதிவாகாத ஒண்ணு இருக்குது. அவரு அடுத்த வரிசைக்குப் போன பொறவு அம்மா இலையை மூடிருச்சு. ரசம் சோறு மேல ஊத்தினபடியே இருந்துது, ஒரு வாய்கூட வெக்கல. சிந்தின பருக்கையை விரல்ல ஒத்தி எடுத்து வாயில போடற பொம்பளைங்க எங்க அம்மா. சோத்தோட இலையை மூடி என் வாழ்க்கையில நான் பாத்ததில்ல. கை கழுவற இடத்துல "ஏங்கண்ணு, எல்லாரும் பாத்தாங்களா?"ன்னு கேட்டுச்சு. இல்லைம்மான்னேன்.

அதனால ஒண்ணு கேட்டுக்கறேன். மண்டபத்துக்காரங்க அவங்க பக்கத்துல இருந்து வீடியோவை எடுத்துட்டாங்க, நன்றி. ஆனா நம்ம ஊரு குரூப்புல இன்னும் ஓடிட்டிருக்குது, சிரிக்கற பொம்மையெல்லாம் போட்டு. அம்மாகிட்ட இருக்கறது பட்டன் போனு, அது பாக்காது. பக்கத்தூட்டு அக்கா பாக்கும், பாத்துட்டு வந்து நல்ல மனசோட காட்டவும் செய்யும். அதுக்குள்ள தயவு பண்ணி அழிச்சிருங்க.