தராசும் கிடங்கும் யாரிடம் இருக்கின்றன?

மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள எங்கள் பீடோங் வட்டாரத்தில் எந்தக் கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்திற்குப் போனாலும் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: இந்த ஆண்டு லாப ஈவு எத்தனை விழுக்காடு? ரப்பர்ப் பால் வெட்டிச் சேர்த்த பணத்தைப் பங்காகப் போட்ட குடும்பங்கள் அதன் பலனைக் கேட்பதில் தவறே இல்லை. ஆனால் அந்த ஒரு கேள்வியோடு கூட்டம் முடிந்து, எல்லாரும் சாப்பாட்டுக்கு எழுந்து போய்விடுவதுதான் எனக்கு உறுத்துகிறது. உலகில் விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்தது லாப ஈவுக்காக அல்ல. விளைந்ததை விற்கப் போன இடத்தில் எடையைச் சொல்பவனும், தரத்தைச் சொல்பவனும், விலையைச் சொல்பவனும் வாங்குகிற ஒரே ஆளாக இருந்ததால் சேர்ந்தார்கள். நம்மில் பலர் இன்று சில ஏக்கர் செம்பனை வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர்கள் ஆகிவிட்ட நிலையில், தானிய விற்பனையின் பழைய வரலாறு நமக்கு நேரடியாகவே பொருந்துகிறது என்பதால்தான் இந்த நீண்ட பதிவு.

பீடோங்கிலிருந்து பழைய சாலையில் வடக்கே போனால், குரூணைத் தாண்டிய பிறகு ரப்பரும் செம்பனையும் மெல்ல மறைந்து வயல்வெளி தொடங்குகிறது. நம் வீட்டுச் சோறு விளையும் இடம் அவ்வளவு பக்கத்தில் இருந்தும், அந்த நெல்லின் கதை தோட்டத்தில் வளர்ந்த நமக்குப் பெரும்பாலும் தெரியாது. அங்கே ஒரு காலத்தில் 'பாடி குஞ்சா' என்றொரு ஏற்பாடு இருந்தது. விவசாயி கடைக்காரரிடம் ஆண்டு முழுவதும் மளிகையும் துணியும் கைமாற்றுப் பணமும் வாங்கிக்கொள்வார்; அதற்கு ஈடாக, இன்னும் அறுவடையே ஆகாத நெல்லை முன்கூட்டியே பேசிய மலிவு விலைக்குக் கொடுக்க ஒப்புக்கொள்வார். கதிர் முற்றும்போது சந்தையில் விலை என்னவாக இருந்தாலும் அந்த நெல் அவருடையது அல்ல. தோட்டத்துக் கடையில் பற்று எழுதி, சம்பள நாளில் கிராணி (தோட்ட எழுத்தர்) கழித்துக்கொண்டது போக மிச்சத்தை வாங்கிவந்த நம் தாத்தா பாட்டிகளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

இந்தக் கடனுக்கு மருந்தாகத்தான் ஆசியாவில் கூட்டுறவு வந்தது. ஜெர்மனியில் ராய்ஃபைசன் நடத்திக்காட்டிய கிராமக் கடன் சங்கங்களை ஆராய்ந்து, சென்னை மாகாணத்திற்காக ஃபிரெடரிக் நிக்கல்சன் 1890களில் அறிக்கை எழுதினார். 1904இல் இந்தியாவில் சட்டம் வந்தது. அதே ஆண்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள திரூரில் விவசாயக் கடன் சங்கம் தொடங்கியது. மலாயாவுக்கு 1922இல் சட்டம் வந்தபோது முதலில் பதிவானது தபால், தந்தி ஊழியர்களின் சிக்கனக் கடன் சங்கம். எல்லாம் நல்ல காரியங்கள்தான். ஆனால் கவனியுங்கள், எல்லாமே கடன் கொடுக்கும் சங்கங்கள். வட்டியைக் குறைத்தன, விற்கும் இடத்தில் யார் ஆள்வது என்பதைத் தொடவில்லை.

அதைத் தொட்டவர்கள் கனடாவின் கோதுமை விவசாயிகள். சமவெளியில் ரயில் பாதை வந்தபின், நிலையந்தோறும் 'எலிவேட்டர்' எனப்படும் உயரமான தானியக் கிடங்குகள் எழுந்தன. கோதுமையை அங்கே கொட்டித்தான் ரயிலேற்ற முடியும். கிடங்குக்காரர் தராசில் நிறுத்து, தூசு இவ்வளவு, ஈரம் இவ்வளவு என்று கழித்து, தரம் சொல்லி, விலையும் சொல்வார். பிடிக்கவில்லை என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு பனியில் வீடு போகலாம். 1900இல் வந்த சட்டம், விவசாயி கிடங்கைத் தவிர்த்துத் தாமே சரக்குப் பெட்டியில் ஏற்றலாம் என்றது. ஆனாலும் ரயில் நிறுவனம் பெட்டிகளைக் கிடங்குக்காரர்களுக்கே முதலில் கொடுத்தது. சிந்தலூட்டா என்ற சிற்றூரின் விவசாயிகள் 1902இல் அந்த நிலையத்து அதிகாரி மீது வழக்குப் போட்டு வென்றார்கள். விலையைக் கூட்டித் தா என்று அவர்கள் கேட்கவில்லை. பெட்டியை வரிசைப்படி கொடு என்று கேட்டார்கள். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

அடுத்த கட்டத்தில் அவர்கள் ஆசை பெருத்தது. 1923, 1924 ஆண்டுகளில் ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான், மனிடோபா ஆகிய மூன்று மாநிலங்களிலும் 'கோதுமைப் பூல்' என்ற கூட்டுறவுகள் பிறந்தன. உறுப்பினர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தம் கோதுமை முழுவதையும் பூலிடமே கொடுக்க வேண்டும். கொடுத்தவுடன் முதல் தவணை கிடைக்கும். ஆண்டு முழுவதும் நிதானமாக விற்று முடித்தபின், சராசரி விலைப்படி மிச்சம் கிடைக்கும். அறுவடை முடிந்த கையோடு எல்லாரும் ஒரே நேரத்தில் விற்று விலையைத் தாங்களே கெடுத்துக்கொள்ளும் நிலை மாறியது. சில ஆண்டுகளிலேயே சமவெளிக் கோதுமையில் ஏறத்தாழ பாதி பூல்களின் கைக்கு வந்தது. கிடங்குகளையும் அவர்களே கட்டினார்கள், வாங்கினார்கள்.

பிறகு 1929 வந்தது. அந்த ஆண்டு விளைச்சலுக்கு, புஷல் என்ற தானிய அளவுக்கு ஒரு டாலர் முதல் தவணை என்று பூல்கள் அறிவித்துக் கொடுத்துவிட்டன. விலை சரிந்தது, கொடுத்த முதல் தவணைக்கும் கீழே போனது. விற்றுக் கிடைத்ததைவிட இரண்டு கோடி டாலருக்கு மேல் கூடுதலாக உறுப்பினர்களிடம் போய்ச் சேர்ந்திருந்தது. மாநில அரசுகள் வங்கிகளுக்கு உத்தரவாதம் கொடுத்துத்தான் பூல்களைக் காப்பாற்றின. உலகச் சந்தையின் விலையைத் தாங்கள் நிர்ணயிக்கலாம் என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது. எல்லாருக்குமாகச் சேர்த்து விற்கும் பணி அவர்களிடமிருந்து போய், 1935இல் அரசின் கோதுமை வாரியம் வந்தது. ஆனால் கிடங்குகள் போகவில்லை. கடனை ஆண்டுக்கணக்கில் அடைத்து, கிடங்குகளை நடத்தும் கூட்டுறவுகளாக அவை பல பத்தாண்டுகள் நிமிர்ந்து நின்றன. விலையோடு ஆடிய சூதாட்டத்தில் தோற்றவர்களைத் தராசும் கிடங்கும் தூக்கி நிறுத்தின என்றுதான் நான் இதை வாசிக்கிறேன். அந்தக் கிடங்குகளுங்கூட எப்படிப் போயின என்றால், சஸ்காச்சுவான் பூல் 1996இல் பங்குச் சந்தைக்குப் போனது; 2007இல் பெயர் மாறியது; 2012இல் ஒரு பன்னாட்டு வணிக நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. உறுப்பினர் பங்குதாரர் ஆன அன்றே கதையின் முடிவு எழுதப்பட்டுவிட்டது என்பது என் கருத்து, மறுப்பவர்கள் இருக்கலாம்.

நம் நாட்டில் இதே முயற்சி வேறு விதமாக முறிந்தது. 1955 முதல் 1962 வரை விவசாய அமைச்சராக இருந்த அப்துல் அசிஸ் இஷாக், நெல் ஆலைகளைத் தனியாரிடமிருந்து விவசாயிகளின் கூட்டுறவுகளுக்கு மாற்ற முனைந்தார்; கூட்டுறவுகளே யூரியா உரத் தொழிற்சாலை நடத்த வேண்டும் என்றும் வாதாடினார். அமைச்சரவைக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது. விவசாய அமைச்சு அவர் கையைவிட்டுப் போனது. பின்னர் 1971இல் நெல், அரிசி வாரியம் தோன்றியது. 1973இல் வந்த சட்டம் விவசாயக் கூட்டுறவுகளையும் விவசாயிகள் சங்கங்களையும் பெலாடாங் (விவசாயி) அமைப்புகளாக இணைத்து ஓர் அரசு வாரியத்தின் கீழ் கொண்டுவந்தது. மூடா நீர்ப்பாசனத் திட்டத்தால் கெடாவில் இரண்டு போகம் விளையத் தொடங்கிய காலம் அது. உரமும் விதையும் மானியமும் ஒழுங்காக வந்தன, அதை மறுக்க முடியாது. ஆனால் சங்கம் உறுப்பினரின் குரலாக இல்லாமல் அலுவலகத்தின் கவுண்டராக மாறியது. அதன் விளைவு 1980 ஜனவரியில் அலோர் ஸ்டார் தெருவில் தெரிந்தது. ஒரு பிக்குல் (ஏறத்தாழ 60 கிலோ) நெல்லுக்கு இரண்டு வெள்ளி (ரிங்கிட்) என்ற மானியத்தை ரொக்கமாகத் தராமல் சேமிப்புக் கூப்பனாகத் தந்ததை எதிர்த்து ஆயிரக்கணக்கான விவசாயிகள் திரண்டார்கள். கைது நடவடிக்கைகள் நடந்தன. ஆனால் அதே ஆண்டின் பிற்பகுதியில் கூப்பன் ஒழிந்து, ரொக்க மானியம் உயர்ந்தது. தங்களுக்கென இருந்த அமைப்பின் கூட்டத்தில் சொல்ல முடியாததை அவர்கள் தெருவில் சொல்ல வேண்டியிருந்தது.

நெல், அரிசி வாரியம் 1994இல் பெர்னாஸ் என்ற நிறுவனமாக்கப்பட்டு, 1996இல் தனியார்மயமாகி, அரிசி இறக்குமதியின் ஏகபோக உரிமை இன்றுவரை அதனிடம் இருக்கிறது. 2023 செப்டம்பரில் இறக்குமதி அரிசி டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200க்கு ஏறியதும், பத்து கிலோ 26 ரிங்கிட் என்று உச்சவரம்பு போட்ட உள்ளூர் அரிசி கடைகளிலிருந்து காணாமல் போனது எல்லாருக்கும் நினைவிருக்கும். அரிசியைப் பதுக்கியது யார் என்று நாம் வாட்ஸ்அப்பில் சண்டை போட்டோம். நெல்லை விளைவித்தவர் கையில் ஒரு கிடங்குகூட இல்லாதபோது, பதுக்கவும் அவரால் முடியாது, காத்திருந்து விற்கவும் முடியாது என்பதை யாரும் பேசவில்லை. நெல்லுக்குக் குறைந்தபட்ச விலை 2025இல் டன்னுக்கு 1,500 ரிங்கிட்டாக உயர்ந்தது நல்ல செய்திதான். ஆனால் ஆலையில் ஈரம், சண்டு என்று எடையில் எத்தனை விழுக்காடு கழிக்கிறார்கள் என்பதே கெடா விவசாயிகளின் நெடுநாளைய புகார். எடை கழியும்போது விலை உயர்வும் சேர்ந்தே கழிகிறது.

இனி நம் கதைக்கு வருகிறேன். சுதந்திரத்திற்குப் பின் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, துண்டாடப்பட்ட தோட்டங்களிலிருந்து நம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். அதற்கு விடையாக 1960இல், அன்று அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பாட்டாளிகளிடம் மாதம் பத்து வெள்ளியாகப் பங்குப்பணம் திரட்டி, அடுத்த ஆண்டே நம் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார். அதைக் குறைத்துப் பேசும் எவரோடும் எனக்கு உடன்பாடில்லை. அன்று தொழிலாளிக்கு வேண்டியிருந்தது காலூன்ற நிலம். விற்பதற்கு அவரிடம் உழைப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. இன்று நிலைமை வேறு. வேலை ஓய்வுப் பணத்தில் நிலம் வாங்கியவர்களும், குத்தகைக்குச் செம்பனை எடுத்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். செம்பனை எண்ணெய் வாரியம் அன்றாடம் விலை வெளியிடுகிறது. ஆனால் நம் குலைக்கு எண்ணெய் பிழிதிறன் எத்தனை விழுக்காடு என்று முடிவாவது லாரி நிற்கும் அந்தத் தராசில்தான். பழுக்காத குலை, நீளக்காம்பு என்று கழிப்பதும் அங்கேதான்.

ஒரு வேறுபாட்டை மறைக்கக் கூடாது. கோதுமையைக் கிடங்கில் வைத்துக் காத்திருக்கலாம். வெட்டிய செம்பனைக் குலை ஓரிரு நாளில் கெட்டுவிடும். எனவே கிடங்குப் பாடம் நமக்கு அப்படியே பொருந்தாது, ரப்பர்க் கட்டிப்பால் விற்பவர்களுக்கு வேண்டுமானால் ஓரளவு பொருந்தும். தராசுப் பாடம் முழுமையாகப் பொருந்தும்.

'கூட்டுறவு என்றாலே அரசியல் புகும், பணம் போகும்' என்பார்கள். 1986இல் வைப்புத்தொகை வாங்கிய 24 கூட்டுறவுகள் முடக்கப்பட்டதைப் பார்த்த தலைமுறை அப்படிச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவை பொதுமக்கள் பணத்தை வாங்கி நிலத்திலும் பங்கிலும் போட்டவை. நான் கேட்பது ஆலையும் அல்ல, அடுக்குமாடியும் அல்ல. சங்கத்தின் பெயரில் ஒரு செம்பனைப் பழக் கொள்முதல் உரிமம், ஒரு லாரித் தராசு, உறுப்பினர் கண்முன்னே தரம் பிரிக்கும் ஓர் ஆள், கழிவுக்குக் காரணம் எழுதிய ரசீது. ஒரு பருவம் கணக்குப் பார்ப்போம்; நட்டமானால் மூடிவிடலாம், தராசை விற்றாலும் விலை போகும்.

எங்கள் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்திற்கு இதை எழுத்துமூலத் தீர்மானமாகக் கொடுக்கப் போகிறேன். வழிமொழிய உறுப்பினர் ஒருவர் தேவை. செம்பனை வைத்திருப்பவர்கள் தங்களுடைய பழைய நிறுவை ரசீதுகளைத் தூக்கிப் போடாமல் எடுத்து வையுங்கள். கழிவு எத்தனை விழுக்காடு என்று கூட்டத்தில் காட்ட அவை வேண்டும்.