மாரிக்கு முன்னம் அந்த வாய்க்காலை வெட்டுங்கள்

திருகோணமலையில் குப்பை மேட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் நாற்றம், இலையான், புகை, கட்டாக்காலி மாடு எல்லாம் வந்துவிடும். தண்ணீரைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. எனக்கென்றால் அங்கே முதலாவது பிரச்சினையே மழைத்தண்ணீர்தான். குறைந்த செலவில் தீர்க்கக்கூடியதும் அதுதான்.

போன மாரியில் மச்சானுடைய வயல் பக்கம் போயிருந்தேன். மேட்டிலிருந்து இறங்கும் ஓடை அவருடைய வாய்க்காலில் வந்து விழுகிற இடத்தில், மதகு வாய் முழுக்கப் பொலித்தீன். அதற்குக் கீழே முழங்கால் அளவுக்குச் சிவப்புச் சேறு. "இது குப்பையில்லை மச்சான், குப்பைக்கு மேல கொட்டின கிரவல். போன கிழமை லொறியில ஏத்திக்கொண்டு போனவங்கள், இந்தக் கிழமை எனக்கு வந்திட்டுது" என்றார். ஒரு சோடாப் போத்தலில் அந்தத் தண்ணீரை அள்ளி வந்து வீட்டில் வைத்தேன். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் இறங்கிவிட்டது. அடுத்த நாள் காலையிலும் மேலே இருந்தது பிளேன்ரீ நிறம்தான். களிமண் அப்படித்தான், அடங்க நாட்கணக்கு எடுக்கும். ஈயம் போன்ற உலோகங்கள் ஒட்டிக்கொண்டு தூரம் போவதும் இந்த நுண்ணிய துகளில்தான். உள்நாட்டு நீர்நிலைக்கு விடும் கழிவுநீரில் மிதக்கும் துகள் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது நம் நாட்டு நியமம். அந்தப் போத்தலைப் பார்த்தவர்கள் ஆய்வுகூடம் தேடிப் போக மாட்டார்கள்.

குப்பைக்கு மண் போடுவது பிழை என்று சொல்ல வரவில்லை. அன்றன்று அரை அடி மண் போட்டு மூடுவது உலகம் முழுக்க இருக்கிற முறை. ஆனால் செங்குத்தான சரிவில் புல்லும் இல்லாமல் கிரவலைக் கொட்டிவிட்டு "மூடியாச்சு" என்று படம் எடுத்துப் போட்டால், ஐப்பசி மழை அதை அப்படியே அள்ளிக்கொண்டு போகும். இயந்திரம் ஓட்டுகிற ஒரு அண்ணனிடம் கேட்டேன். "தம்பி, கொட்டுறது எங்கட வேலை, பிறகு பெய்யிறது மேல இருக்கிறவர்ட வேலை." அவரில் குறை சொல்ல முடியாது. சரிவைக் குறைக்கவோ புல் நடவோ அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை.

இன்னொரு கணக்கு இருக்கிறது. ஒரு ஏக்கரில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் அது 4 இலட்சம் லீற்றர். நமக்கு மாரியில் ஒரே நாளில் அவ்வளவு பெய்வது அதிசயமில்லை. மேட்டுக்கு மேல்பக்கம் 5 ஏக்கர் காணி சரிந்து கிடந்தால் 20 இலட்சம் லீற்றர் வரை நல்ல தண்ணீர் உள்ளே வந்து, குப்பையில் ஊறி, கறுத்த சாறாக வெளியே போகும். அந்தச் சாற்றைச் சுத்திகரிக்கப் பிறகு கோடிக்கணக்கில் திட்டம் போட வேண்டும். மேல்பக்கத்தில் ஒரு வாய்க்கால் வெட்டி அந்தத் தண்ணீரைச் சுற்றி அனுப்பிவிட்டால் இதில் பெரும்பகுதி கிடையாது. வெளித்தண்ணீர், மண் கழுவி வரும் தண்ணீர், குப்பைக்குள் இறங்கிய தண்ணீர் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று கலக்க விடக்கூடாது. முழு வித்தையும் அவ்வளவுதான்.

உள்ளே ஊறும் தண்ணீர் மேட்டையே சரிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. 2017 சித்திரைப் புத்தாண்டு அன்று கொழும்பு மீதொட்டமுல்லையில் மேடு சரிந்து 30 பேருக்கு மேல் செத்தார்கள். அதற்கு முந்திய நாட்களில் அங்கே நல்ல மழை.

மண் கழுவி வரும் தண்ணீருக்கு ஒரு குட்டை வேண்டும். வேகம் குறைந்தால்தான் வண்டல் படியும். இதைச் சொல்லித்தர வெளிநாட்டு நிபுணர் தேவையில்லை. உலர் வலயத்துப் பழைய குளத்தொடர்களில் பெரிய குளத்துக்கு மேலே வண்டல் பிடிக்கவென்றே சிறு குளம் விட்டிருந்தார்கள். குளத்துக்குத் தண்ணீர் நுழையும் இடத்தில் புற்பற்றை விட்டு மிச்சச் சேற்றையும் வடித்தார்கள். குப்பை மேட்டுக்குக் கீழேயும் அதே குட்டையும் அதே புல்லும்தான் வேண்டும். புல்லுக்கு வெட்டிவேர் நட்டாலே போதும். குட்டைக்கு, மிஞ்சும் தண்ணீர் வழிந்தோடக் கட்டாயம் கல் பதித்த வான் வேண்டும். 1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்ததைக் கண்ட மாவட்டம் இது, மண் கட்டை விளையாட்டாக எடுக்க முடியாது. அமெரிக்காவில் குப்பை நிரப்பும் இடத்து வடிகால்களை 25 வருடத்துக்கு ஒருமுறை வரும் 24 மணிநேர மழைக்குத் தாங்கும்படி அமைக்க வேண்டும் என்று விதி. 2025 கார்த்திகையில் டித்வா புயல் வந்து போன பிறகு, நாம் அதைவிடக் குறைவாக எண்ணிப் பார்ப்பது சரியில்லை.

சுற்றிவர மதில் கட்டச் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். மதில் கண்ணுக்கு மறைப்பு, வேறொன்றுமில்லை. வழியில்லாத தண்ணீர் உள்ளே தேங்கும், மேட்டின் அடியை நனைக்கும், ஒருநாள் மதிலையும் தள்ளிவிட்டு மொத்தமாக வயலுக்குள் இறங்கும்.

"வெளிநாட்டு நிதி வரட்டும்" என்ற பதிலும் கேட்டுப் புளித்துவிட்டது. பெரிய நிலையம் கட்ட நிதி வேண்டும்தான். வாய்க்காலுக்கும் குட்டைக்கும் ஒரு பெக்கோ (மண் வெட்டும் இயந்திரம்), அதற்கு டீசல், நாலு பேர் போதும். கஷ்டம் வெட்டுவதில் இல்லை, பிறகு பார்ப்பதில் இருக்கிறது. குட்டையில் பாதி சேறு நிரம்பினால் அது குட்டையே இல்லை, தண்ணீர் நேரே ஓடிவிடும். ஆகவே ஒவ்வொரு புரட்டாதியிலும் அள்ள வேண்டும், பெரிய மழை ஒன்று விட்டதும் போய்ப் பார்க்க வேண்டும். அள்ளின சேற்றைக் காயவைத்துத் திரும்ப மேட்டுக்கே போர்வை மண்ணாகப் போடலாம், கிரவல் காசும் மிச்சம்.

இங்கே நடப்பது என்னவென்றால், வருடக் கடைசியில் மிஞ்சிய காசை முடிப்பதற்காக மார்கழியில் பெக்கோ வருகிறது. அடைமழைக்குள் வாய்க்கால் வெட்டி, வெட்டிய மண்ணைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போகிறார்கள். அடுத்த மழைக்கு அந்த மண் திரும்ப வாய்க்காலுக்குள். மிச்சம் மச்சானுடைய வயலுக்குள்.