சிகிச்சை பாதியில் நிற்பதற்கு, நடந்ததைச் சொல்லவைப்பதுதான் காரணம் என்று சொல்ல முடியாது

"நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தால் பிடிஎஸ்டி (பெரும் அதிர்ச்சிக்குப் பிறகு தொடரும் மனப் பாதிப்பு) உள்ளவர் இன்னும் மோசமாகிப் பாதியில் ஓடிவிடுவார், அந்தச் சிகிச்சையே வேண்டாம்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நம்பி யாராவது சிகிச்சையை நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில்தான் எழுதுகிறேன்.

உளவியலாளர் எட்னா ஃபோவா உருவாக்கிய முறை இது; ஆங்கிலத்தில் Prolonged Exposure என்பார்கள். வழக்கமாக 8 முதல் 15 அமர்வுகள், ஒவ்வொன்றும் சுமார் 90 நிமிடம். கண்ணை மூடிக்கொண்டு, அந்தச் சம்பவம் இப்போது நடப்பதுபோல் சொல்ல வேண்டும். நடுநடுவே "பதற்றம் 0 முதல் 100-க்குள் எவ்வளவு?" என்று கேட்பார்கள். சொன்னது பதிவாகும், அதை வீட்டில் திரும்பக் கேட்க வேண்டும். கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் 2002-இல் ஃபோவா குழுவினர் வெளியிட்ட ஆய்வில், இடையில் அறிகுறி கூடியவர்கள் சிறு பகுதியினரே. அவர்களும் மற்றவர்களைவிட அதிகமாக விலகிவிடவில்லை; பலனும் குறையவில்லை.

விலகுபவர்கள் இருக்கிறார்கள், சரி. அதற்குச் சிகிச்சையைக் கைவிடுவதா வழி? 2018-இல் அமெரிக்க ராணுவத்தினரிடம் அதே 10 அமர்வுகளை 8 வாரத்துக்குப் பதில் 2 வாரத்தில் முடித்துப் பார்த்தார்கள். பலன் குறையவில்லை, பாதியில் நின்றவர்களும் குறைவு. அப்புறம், சிகிச்சை தருபவர் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டிய ஒன்று உண்டு: "மூன்றாவது, நான்காவது முறை வரும்போது வர வேண்டாம் என்று தோன்றலாம். அன்றைக்கு வராமல் இருந்துவிடாதீர்கள், ஒரு போன் பண்ணுங்கள்."